மார்ச் மாத மானியம்

சத்தம் போடாத கிரைண்டர் கண்டுபிடிக்க மத்திய அரசு எனக்கு ஆராய்ச்சி மானியம் கொடுத்தது என்றால் நம்புவீர்களா? என் வீட்டம்மா இன்றுவரை நம்பவில்லை. "ஏனுங்க, உங்களுக்கா?" என்றாள். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிறவர்களில் கடைசி வரிசைக் கம்பெனி என்னுடையது. போர்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்பது மட்டும் பெரிய எழுத்து.

பணம் மார்ச் கடைசியில் வங்கியில் விழுந்தது. மைசூர்பாகோடு ஆடிட்டரிடம் ஓடினேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "சார், இது வருமானம்" என்றார்.

நானும் சும்மா விடவில்லை. பொன்னி சுகர்ஸ் கம்பெனி 2008இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த கதையை எடுத்துவிட்டேன். ஆலை அமைக்கவும் விரிவாக்கவும் கொடுத்த சலுகை மூலதனம், வருமானமல்ல என்று தீர்ப்பு. "அருமையான தீர்ப்பு சார்" என்றவர், "2015 நிதிச் சட்டத்துல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க" என்றார்.

மெஷின் வாங்கக் கொடுத்த பங்கு மட்டும் வருமானத்தில் சேராதாம். நான் சந்தோஷப்பட வாய் திறப்பதற்குள், மெஷின் விலையில் அதைக் கழித்துவிடணும், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது என்றார்.

மீதிப் பணம் சம்பளத்துக்கும் சாமானுக்கும். செலவு ஏப்ரலுக்கு அப்புறம், அடுத்த நிதியாண்டில்தான். ஆனால் கைக்கு வந்த தேதியைத் தாண்டி மானியத்தை வருமானமாகக் காட்டாமல் தள்ளிப்போடக் கூடாது என்று கணக்கு விதி. அடுத்த வருஷச் செலவை இந்த வருஷத்துக்கு இழுத்துவரவும் வழியில்லை. அந்தச் செலவால் அடுத்த வருஷம் நஷ்டம் வந்தால், அதைப் பின்வரும் எட்டு வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாமாம். அதுவரை கம்பெனி இருக்குமா என்பது பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

செலவழியாமல் கிடந்த பணத்துக்கு வங்கி போட்ட வட்டியாவது? அதை அரசுக்கே திருப்பணும். ஆக, அசலுக்கு வரி கட்டுகிறவன் நான், வட்டிக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். அரசுக்குச் செலவுக் கணக்கு காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் 'வருமான வரி' என்று ஒரு செலவு எழுதலாமா என்று கேட்டேன். ஆடிட்டர் பதில் சொல்லாமல் இன்னொரு மைசூர்பாகை எடுத்தார்.

வரி கட்டியது வீட்டம்மாவின் சீட்டுப் பணத்தில். "எனக்கும்தான் கேஸ் மானியம் வருது. ஒருத்தரும் வரி கேக்கலையே?" என்றாள். கேட்க மாட்டார்கள்தான். தனிநபருக்கு வரும் கேஸ் மானியத்துக்கு வரி கிடையாது என்று நேரடி வரிகள் வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அரசாங்கத்திடம் வாங்கத் தெரிந்தவள் அவள்தான்.

உங்களில் யாருக்காவது ஆராய்ச்சி மானியம் வருவதாக இருந்தால், அதிகாரி காலில் விழுந்தாவது ஏப்ரலில் போடச் சொல்லுங்கள்.