உதவி ஆசிரியர் மணிக்கட்டு

பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்களுக்கு அந்த நாளில் சம்பளம் வாங்காத உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார்: அவரவர் மணிக்கட்டு. ஃபுல்ஸ்கேப் தாளில் ஒரு பக்கம் மட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும், திரும்பி வர வேண்டுமானால் ஸ்டாம்பு ஒட்டிய சுயவிலாசக் கவர் வைக்க வேண்டும் என்ற சட்டதிட்டங்களை உங்களில் நரை கண்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபேர் காப்பி எடுக்க உட்கார்ந்து, கதாநாயகி கதவைத் திறப்பதற்கு முன்னால் சூரியனை ஒரு பக்கம் முழுக்க மேற்கே இறக்கி முடிப்பதற்குள் கை கடுத்துப்போகும். இந்தச் சூரியன் அவசியம்தானா என்று புத்தி கேட்காததை மணிக்கட்டு கேட்கும். வலி பொறுக்காமல் நாலு உவமையை விட்டுவிட்டு எழுதுவேன், கதை தேறிவிடும். அதற்கே சொற்சிக்கனம் என்று பெயரிட்டு டீக்கடை பெஞ்சில் பிரசங்கமும் செய்வேன்.

அப்படியும் தப்பிய சூரியன்களைக் கவனிக்கப் பத்திரிகை ஆபீஸில் ஆள் இருந்தார். திரும்பி வந்த கவரில் பெரும்பாலும் 'வருந்துகிறோம்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டுதான் இருக்கும். ஒருமுறை மட்டும் முதல் பக்கம் முழுவதற்கும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, இரண்டாம் பக்கத்தில் "யாரது?" என்று அவள் கேட்கும் இடத்தில் 'கதை இங்கே ஆரம்பம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ரசனை கெட்டவர்கள் என்று திட்டினேன். ஆனால் அந்தத் தாளை மட்டும் ஏனோ பத்திரப்படுத்தினேன்.

பிறகு வந்தது சுஜாதா காய்ச்சல். 'இறங்கினான்' என்ற சொல்லை அவர் எழுத்தெழுத்தாகப் படியிறக்கியதைப் பார்த்து, கணையாழி இதழில் அவர் எழுதிய 'கடைசிப் பக்க'த்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, ஊரில் பேனா பிடித்தவனெல்லாம் வாக்கியத்தை நறுக்க ஆரம்பித்தோம். நாங்கள் நடத்திய சிற்றிதழில் என் நாயகனை மாடிப்படி ஏறவைத்தேன். ஈய எழுத்துக் காலம், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஸ்பேஸ் கட்டைகளை அடுக்கி, வரி வரியாக அவனை மேலேற்றிய கம்பாசிட்டர், "உங்க ஆளு லிஃப்ட்ல போகக் கூடாதா சார்?" என்றார். அதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. புரூஃபில் ஒரு சொல்லை எடுத்தால் அதே அகலத்தில் இன்னொரு சொல்லைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பத்தியைப் பிரித்துக் கோக்க வேண்டும் என்பதில் மனிதர் கறார். அகலத்துக்குச் சொல் தேடப்போய் சில சமயம் நல்ல சொல்லே மாட்டிவிடும்.

இப்போது போனிடம் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. அடித்தால் தழும்பில்லை, நீக்கியதைத் திரும்ப அழைக்க ஒரு தட்டு போதும், வெட்டிய பத்தியும் சாவதில்லை, வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கைவலி என்ற கண்டிப்பு ஒழிந்ததும் என் பழைய சூரியன் திரும்பி வந்து, இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டு சாவகாசமாக அஸ்தமிக்கிறான். வாசகரோ, சலூனில் முறைக்குக் காத்திருந்தபடி அட்டை கிழிந்த வார இதழைச் சிறுகதை முதல் ராசிபலன் வரை படித்துத் தீர்த்த அந்தப் புண்ணியவான் இல்லை. இரண்டாவது வரியிலேயே கட்டைவிரலால் நம்மைத் தள்ளிவிட்டுப் போகிறார். ஆக, உதவி ஆசிரியர் உத்தியோகம் மணிக்கட்டிலிருந்து அந்தக் கட்டைவிரலுக்கு மாற்றலாகியிருக்கிறது. புது உதவி ஆசிரியர் சிவப்பு மையில் காரணம் எழுதி அனுப்புவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

எழுத வரும் பிள்ளைகள் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். முதல் பக்கத்தை மட்டுமாவது பேனாவால் ஒருமுறை படியெடுங்கள். கை எங்கே சலித்துக்கொள்கிறதோ அங்கே வெட்டுங்கள். கோடு போட்ட தாள் இன்னும் கடையில் கிடைக்கிறது.