குடைக்காரர் யார்? ஓர் ஆல்ப ஆராய்ச்சி

கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் இந்நாட்டில் தனித்தனியே சாஸ்திரங்கள் ஏற்பட்டு, அவற்றில் வல்லவர்களுக்குப் பட்டமும் பதவியும் பொன்னாடையும் கிடைத்துவரும் இக்காலத்தில், பீரோவின் அடித்தட்டில், கூறைப்புடவைக்கும் நிலப்பத்திரத்துக்கும் இடையே, அந்துருண்டை வாசனையோடு துயில்கொண்டிருக்கும் புகைப்பட ஆல்பம் என்னும் மூலநூலை முறைப்படி ஆராய ஒரு துறை இன்னும் தோன்றாதிருப்பது அறிஞருலகம் நாணத்தக்க செய்தியாகும். அக்குறையைத் தனியொருவனாகத் தீர்த்துவிடலாம் என்று யான் எண்ணவில்லை. ஆயினும், எம் குடும்பத்து ஆல்பம் ஒன்றை இரண்டு கோடை விடுமுறைகளில், கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து, பூதக்கண்ணாடியின் துணையால் ஆராய்ந்து கண்ட முடிவுகளையும், காண முடியாதுபோன ஒரு முடிவையும் பண்டிதர்களின் பார்வைக்கு வைக்கிறேன். இவ்வாராய்ச்சிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் உதவித்தொகை அளிக்கவில்லை. அவ்வப்போது காப்பி வந்தது.

முதற்கண் சுவடியின் உடலமைப்பு. கறுப்புத் தடித்தாளால் ஆன 24 ஏடுகள், பட்டுக்கயிற்றால் கோக்கப்பட்டவை. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே சிலந்திவலைச் சித்திரம் பதித்த மெல்லிய வெண்தாள். படங்கள் 91. ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாப் படங்களும் நான்கு மூலைகளிலும் முக்கோணக் காகித உறைகளால், அதாவது கடையில் ‘கார்னர்’ என்று கேட்டு வாங்கப்படும் பொருளால், பொருத்தப்பட்டவை. இவையன்றி, படம் போய் நான்கு கார்னர்கள் மட்டும் ஒன்றையொன்று வெறித்துக்கொண்டிருக்கும் இடங்கள் 13 உள. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள் ஓர் ஏட்டில் சிதைந்ததை மற்றோர் ஏட்டில் தேடி ஊர் ஊராகச் செல்ல முடிந்தது. ஆல்பத்துக்கோ மறுபிரதி கிடையாது. நெகடிவ் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று படத்தின் பின்புறத்து ரப்பர் முத்திரை உறுதி கூறும். முத்திரையில் கண்ட விலாசத்தில் இப்பொழுது அல்வா விற்கிறார்கள்.

அப்பதின்மூன்று சிதைவுகளுள் ஒன்பது, மணப்பருவத்துப் பெண்களின் படங்கள் இருந்த இடங்கள் என்பது தெளிவு. ஜாதகத்தோடு வெளியூருக்கு அனுப்பப்பட்டவை அவை. பொருத்தம் இல்லையென்றால் ஜாதகம் தபாலில் திரும்பி வரும்; படம் வராது. இதன் காரணம் தனியே ஆராயத்தக்கது. வேறு இரண்டு, அவற்றிலிருந்தவர்கள் காலமானபின், பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சார்த்துவதற்காகக் கொண்டுபோகப்பட்டு, கடையிலேயே தங்கிவிட்டவை. எஞ்சிய இரண்டைப் பற்றி யான் வினவியபோது, கூடத்திலிருந்த மூவர் ஒரே சமயத்தில் அடுக்களைக்கு எழுந்துபோயினர்.

சுவடிக்கு நேரும் மற்றோர் ஆபத்து, இராமபாணம் எனப்படும் பூச்சி. ஏழு மராமரங்களை ஒரே கணையால் துளைத்த அண்ணலின் பெயரை இப்பூச்சிக்கு இட்டவர் எவராயினும் அவர் மகாகவி. எம் சுவடியில் பூணூல் கல்யாணத்தில் புகுந்த ஒரு பூச்சி, மூன்று சீமந்தங்களையும் ஒரு கிருகப்பிரவேசத்தையும் நேர்கோட்டில் துளைத்துச் சென்று வெளியேறியிருக்கிறது. பூச்சியைக் குறை கூறுவதிலும் நியாயம் இல்லை. புகைப்படத் தாளின் மேற்பூச்சு, எலும்பையும் தோலையும் காய்ச்சியெடுக்கும் ஜெலட்டினில் வெள்ளியுப்பைக் கலந்து செய்யப்படுவது. அதாவது பூச்சிக்கு அது பிரியாணி. வெங்காயத்தைக்கூட வீட்டு வாசலில் நிறுத்தி அனுப்பிய எம் பூட்டனார் இவ்வுண்மையை அறிந்திருந்தால், தம் திருவுருவத்தை அதில் எழுந்தருளப் பண்ணியிருப்பாரா என்பது ஐயமே.

இனி இக்கலையின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறி அப்பால் செல்வோம். பிரான்ஸில் தாகேர் கண்ட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது 1839-இல். இருபதாண்டு செல்வதற்குள், 1858-இல், சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்துத் தொகுதிகளாக வெளியிட்டுவிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஒரே நீண்ட படமாக ஆக்கியது ஆல்பவியலார் மறக்கலாகாத செய்கை. ஏனெனில், அத்தஞ்சைச் சாசனங்களை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் படித்து வரிசையாக அச்சேற்றத் தொடங்கியது 1890-க்குப் பிறகுதான். எழுத்து அவ்வளவும் படத்தில் இருந்தது. எடுத்துச் சொல்வார்தாம் முப்பதாண்டுக்கு மேல் இல்லை. இந்நிலைமை எம் ஆல்பத்துக்கும் வரக்கூடும் என்னும் அச்சமே யான் ஊஞ்சலில் அமர்ந்ததற்குக் காரணம். டிரைப்பின் முயற்சியைப் பின்னர் கவர்னராக வந்த டிரெவெல்யன் துரை ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு டிரெவெல்யன் உண்டு; எம் குடும்பத்தில் அவர் சிறிய தாத்தா. 1930-க்கும் 1936-க்கும் இடையே எம் ஆல்பத்தில் ஒரு படமும் காணப்படாதது அவருடைய ஆட்சியால்.

படங்களின் வகைகளை விரித்தால் பெருகும். இரண்டை மட்டும் சொல்லுகிறேன். குப்புற விழத் தொடங்கிய குழந்தையை, அரைஞாணன்றி வேறு ஆடையின்றி, வெல்வெட் மெத்தையில் கவிழ்த்து, தலையைத் தூக்கும் தருணத்தில் எடுக்கும் படம் ஒன்று. எம் சுவடியில் இவ்வாறு ஏழு படங்கள். ஏழு குழந்தைகளுக்கும் ஒரே முகம். பின்னாளில் ஜில்லா கோர்ட்டில் எதிரெதிரே நின்ற இருவர் இவ்வேழில் அடங்குவர் என்றாலும், எவ்விருவர் என்று கூற இயலாது. மற்றொன்று, கோடையில் தாழம்பூவும் மல்லிகையும் வைத்துப் பின்னலில் பூத்தைத்துக்கொண்ட சிறுமியைக் கண்ணாடியின் முன் பக்கவாட்டில் நிறுத்தி, முகம் நேரிலும் சடை கண்ணாடியிலுமாகத் தெரியும்படி எடுக்கும் படம். ஒரே தளத்தில் முன்னையும் பின்னையும் காட்டுவதெப்படி என்று ஐரோப்பியச் சித்திரக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் ஒரு நிலைக்கண்ணாடியைச் சற்றே திருப்பிவைத்து அதனை முடித்துவிட்டார். படத்தின் நோக்கம் சிறுமியன்று, சடையே என்பது, சில படங்களில் கண்ணாடி தெளிவாகவும் முகம் மங்கலாகவும் விழுந்திருப்பதால் உறுதிப்படும்.

கால நிர்ணயம் கடினமான பகுதி. படங்களில் தேதி குறிக்கும் வழக்கம் எம்மவர்க்கு இல்லை. பண்டை மன்னர் சாசனங்களில் ‘யாண்டு எட்டாவது’ என்று ஆட்சியாண்டு கண்டு காலம் கணிப்பதுபோல, எம் பாட்டியாரிடமும் ஓர் ஆண்டுமுறை இருந்தது. ‘எம்டன் குண்டு போட்ட வருஷம்’ என்றால் 1914. ‘பட்டணத்தைக் காலி பண்ணின வருஷம்’ என்றால் ஜப்பானியர் வருவர் என்று அஞ்சிச் சென்னைவாசிகள் மூட்டை கட்டிய 1942. ‘தென்னை அத்தனையும் சாய்ந்த வருஷம்’ என்றால் நாகப்பட்டினம் புயலின் 1952. ‘தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம்’ என்றால் 1964. இவற்றின் இடைப்பட்ட காலம் ‘அதற்கு முன்னே’, ‘அதற்குப் பின்னே’ என்று மட்டுமே வழங்கும். ரவிக்கைக் கையின் நீளத்தையும், ஆடவர் குடுமி கிராப்பாக மாறிய பருவத்தையும் கொண்டு யான் சில திருத்தங்கள் செய்தேன். நகையைக் கொண்டு ஆளை அறியலாம் என்று தொடங்கியதுதான் பெரும் பிழையாயிற்று: ஒரே காசுமாலை நான்கு மணப்பெண்களின் கழுத்தில் காணப்பட, நால்வரையும் ஒருவரே என்று முடிவு கட்டி, எம் பெரியப்பாவுக்கு நான்கு விவாகம் என்று குறிப்பெழுதிவிட்டேன். மாலை இரவல் என்பது பின்னர் தெரிந்தது. குறிப்பு பெரியம்மாவின் கண்ணில் பட்டதற்குப் பின்னர்.

தருக்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் எனப் பிரமாணம் நான்கென்பர். ஆல்ப ஆராய்ச்சியில் பிரத்தியட்சம், அதாவது கண்ணால் காண்பது, மிகத் தாழ்ந்த பிரமாணமாகும். உபமானமாவது, ‘மூக்கைப் பார், அப்படியே உன் அத்திம்பேர்’ என்பது. சப்தமே, அதாவது பெரியோர் வாக்கே, யாவற்றினும் வலியது. அதனால்தான், மூலத்தைவிட உரையே பெரிதாகிய நூல்களுள் ஆல்பம் தலையாயது என்கிறேன். விருந்தினர் வந்ததும் காப்பியும் ஆல்பமும் ஒருங்கே கொண்டுவரப்படுவதும், ஒரு படத்தைக் காட்டத் தொடங்கிய உரையாசிரியர் அதிலுள்ள பெண்மணியின் நாத்தனாரின் மைத்துனர் காவேரியில் கரணம் போட்ட கதையில் இறங்கி, காப்பி ஆறி, ஏடு திரும்பாமலே விருந்து முடிவதும் யாவரும் அறிந்தவை.

இவ்வுரை மரபின் முழு வலிமையையும் சோதித்தது 37-ஆம் படம். திண்ணையின் முன் மூவர்: நாற்காலியில் தாத்தா, அவருக்கு இடப்புறம் டிரெவெல்யன், வலப்புறம் தாத்தாவின் மைத்துனர். இவர்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. நான்காமவராக, சற்றே தள்ளி, மடக்கிய குடையைத் தரையில் ஊன்றியபடி, யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். இவர் யார்?

பாட்டியாரின் மதப்படி, இவர் பாபநாசத்து ஒன்றுவிட்ட தம்பி. மாட்டுத் தரகு விஷயமாக வந்தவர். பெரிய அத்தையார் இதனை வன்மையாகக் கண்டித்து, அந்தத் தம்பி ஒருநாளும் செருப்பில்லாமல் நின்றதில்லை என்றும், இவர் தாத்தாவிடம் கணக்கெழுதிய குமாஸ்தாவே என்றும் நிறுவுவர். பாடபேதம் இவ்வாறு இருக்க, பகுத்தறிவுக் கொள்கையுடைய சித்தப்பா மூன்றாவது பட்சமொன்றைக் கொணர்ந்தார்: மூவர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டால் நடுவிலிருப்பவருக்கு ஆகாது என்னும் நம்பிக்கை நம்மவரிடம் உண்டாதலால், நாற்காலியில் நடுவே அமர்ந்த தாத்தாவின் ஆயுளை உத்தேசித்து, தெருவோடு போன எவரோ ஒருவரை நான்காமவராக நிறுத்தினார்கள் என்பது. இதற்கு ஆதரவாக அவர் சுவடி முழுவதையும் புரட்டி, மூவர் மட்டும் நிற்கும் படம் ஒன்றேனும் இல்லை என்றும், பல படங்களில் ஓரத்தில் மூக்கொழுகும் அடுத்த வீட்டுக் குழந்தை காரணமின்றி நிற்பதைக் காண்க என்றும் காட்டினார். அருமையான வாதம். மூடநம்பிக்கையை ஒப்பாதவர் அதையே ஆதாரமாக்கியது பற்றி அத்தையார் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். அது ஆராய்ச்சிக்குப் புறம்பான தொனியில் இருந்தமையால் இங்கே குறிக்கவில்லை.

பெயர்கள் படத்தின் பின்புறம் எழுதப்பட்டிருக்கலாம் என்று யான் கருதினேன். இடர் யாதெனில், கார்னர் தீர்ந்துபோன நாளில் ஒட்டப்பட்ட படமாதலின், 37-ஆம் படம் மைதாப் பசையால் ஏட்டோடு ஒன்றியிருந்தது. பிய்த்தால் கிழியும், பிய்க்காவிட்டால் உண்மை வெளிவராது. ஒருவாறாகத் துணிந்து, ஏகாதசியன்று ஓய்விலிருந்த இட்லிப்பானையில் நீர் கொதிக்கவைத்து, ஏட்டை ஆவியில் காட்டி, தோசைத் திருப்பியின் மெல்லிய முனையால் அங்குலம் அங்குலமாகப் படத்தைப் பெயர்த்தெடுத்தேன். கல்லில் ஈரத்தாளை வைத்துத் தட்டி மைப்படி எடுக்கும் சாசன பரிசோதகர்க்கும் இத்தகைய நெஞ்சத்துடிப்பு இருந்திருக்குமா என்பது தெரியாது. பின்புறத்தில் தாத்தாவின் ஸ்டீல் பேனா எழுத்து, சற்றுக் கசிந்து, ஆனால் படிக்கும்படியாகவே இருந்தது. ‘இடமிருந்து வலம்’ என்று தொடங்கி, முதற்பெயர், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர்; நான்காம் பெயர் இருந்த இடத்தில் இராமபாணம். துளையின் விளிம்பில் ‘ன்’ என்னும் ஓரெழுத்து எஞ்சியிருந்தது. நம் நாட்டு ஆண்மக்களின் பெயர்களில் எத்தனை அவ்வெழுத்தில் முடியும் என்பதை வாசகர் அறிவர்.

அன்று மாலை, கண்புரை அறுத்துச் சில மாதங்களே ஆகியிருந்த பாட்டியாரிடம் அப்படத்தைத் தனியே கொடுத்தேன். ஆல்பத்தின் வெண்தாள் மறைவிலும் பசை மேட்டிலுமிருந்து விடுபட்ட அப்படத்தை அவர் முதன்முறையாக வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியின் கீழ், வெகுநேரம் பார்த்தார். குடைக்காரரின் முகத்தில் கண்ணாடி நிற்கவேயில்லை. தோளிலிருந்து கைக்கும், கையிலிருந்து கீழேயும் இறங்கியது.

“இவன் யாரா வேணா இருக்கட்டும்டா. பிடியிலே வெள்ளிப் பூண் தெரியறது பார். எங்கப்பா தீபாவளிச் சீரா உங்க தாத்தாவுக்குக் கொடுத்த குடை இது. கொண்டுபோனவன் இன்னிவரைக்கும் திருப்பிக் கொண்டுவரலை.”

அத்தையார் இதனையும் மறுக்கிறார். பூண் போட்ட குடை ஒன்று பரணில், வெண்கல அண்டாவுக்குப் பின்னால் கிடந்ததைத் தாம் சிறுவயதில் கண்டதாகச் சாதிக்கிறார். அடுத்த வீட்டில் ஏணி கேட்டிருக்கிறேன்.