பதினொரு எழுத்துக்குள் சுப்பிரமணியம்

தொண்ணூறுகளின் கடைசியில், பல்லேகல வலயத்துத் தொழிற்சாலையொன்றின் கணக்குப் பகுதியில் பிளொப்பி போர்மட் பண்ணுவது தனி உத்தியோகம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கொம்ப்யூட்டர் அறைக்குள் போகவேண்டும். ஏசி இருந்த ஒரே அறையும் அதுதான், முகாமையாளருக்கே மின்விசிறிதான்.

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டிவிட்டுக் கைகட்டி நிற்போம். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். கரகரவென்று முனகியபடி இயந்திரம் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து, தானே வாசித்தும் பார்க்கும். கண்டிப் பக்கத்து மழை ஈரத்தில் தட்டிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படிக் கெட்டுப்போன பிரிவு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இல்லாவிட்டால் 1,457,664 பைட் இருக்கிறது என்று சதம் பிசகாமல் கணக்கு ஒப்புவிக்கும்.

பிறகு பெயர்சூட்டு விழா. ஆங்கில எழுத்தில் பதினொன்றுக்கு மேல் ஏறாது. எங்கள் தலைமை லிகிதர் சுப்பிரமணியம் ஐயாவின் பெயர் சரியாகப் பதினொன்று. பாலசுப்பிரமணியங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காலம் மாறியது. பல்லேகலயில் கிரிக்கெட் மைதானம் எழும்பி, 2010 டிசம்பரில் முதல் டெஸ்ட்டும் நடந்தது. இப்போது மருமகன் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போடுவது ஒரு டெராபைட். “மாமா, போர்மட் முடிஞ்சுது” என்கிறான். நான் கண்ணாடியைத் தேடி எடுக்கவில்லை அதற்குள். திரையில் 931 ஜிபிதான் தெரிகிறது. மீதி களவு போகவில்லை. விற்றவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

இவ்வளவு இடமிருந்தும் கல்யாண வீடியோ உள்ளே போகமாட்டேன் என்றது. டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தது; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. மாளிகை கட்டி வாசலைக் குறுக்கி வைத்த கதை. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே போனார்கள். எக்ஸ்ஃபேட்டில் தமிழிலும் பெயர் வைக்கலாம், ஆனால் அங்கேயும் அதே பதினொன்றுதான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ‘சுப்பிரமணிய’ வரை எழுதலாம், ‘ம்’முக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் முழுசாக இருந்த ஐயா தமிழில் வால் இழந்தார். முன்னேற்றம் என்றால் இப்படித்தான் போலும்.

மருமகனின் வேகத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘குயிக் போர்மட்’ தட்டைப் பார்ப்பதே இல்லை. பழைய அட்டவணையை எறிந்துவிட்டுப் புதியதை எழுதி, எல்லாம் சரி என்று வாழ்த்துகிறது. அதனால்தான் நடைபாதையில் மலிவாக வாங்கிய, உள்ளே 16 ஜிபிகூட இல்லாத போலி ‘1 டெராபைட்’ பென் டிரைவும் அந்தப் பரீட்சையில் பாஸாகிறது. அழித்ததாக நினைத்த படங்களும் அங்கேயே கிடக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் அவற்றைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆகவே பழைய டிரைவை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ போகிறவர்கள் ‘குயிக்’ பெட்டியிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு முழு போர்மட் போடுங்கள். விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் அது முழுவதிலும் பூச்சியம் எழுதும். பெரிய டிரைவ் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். இரவு படுக்கப் போகுமுன் போட்டுவிடுங்கள்.