கெவினின் தொலைபேசியும் பிழை காணும் பெருமக்களும்

ஒரு திரைப்படத்தைப் பலமுறை பார்த்தவர்கள் நாளடைவில் அதன் கதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் ஓட்டைகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 1990 நவம்பரில் வெளியாகி, அதன்பின் டிசம்பர்தோறும் தொலைக்காட்சிக்குத் திரும்பிவரும் ‘ஹோம் அலோன்’ போன்ற படமானால், சிரிப்பொலி எழ வேண்டிய இடத்தில் ‘இது தப்பு’ என்ற குரல்தான் முந்திக்கொண்டு எழுகிறது. ஜான் ஹியூஸ் எழுதித் தயாரிக்க, கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய அப்படத்தில், சிகாகோவை அடுத்த புறநகரில் வாழும் மெக்காலிஸ்டர் குடும்பம் எட்டு வயதுக் கெவினை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பாரிசுக்குப் பறந்துவிடுவதையும், ஹாரி, மார்வ் என்னும் இரு திருடர்களை அவன் பொறிவைத்து வதைப்பதையும் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. இதைப் படிப்போர் அனைவரும் அப்படத்தை வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்திருப்பார்கள்.

இக்கட்டுரை எழுந்ததற்கு உடனடிக் காரணம், இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரிமோட்டைத் தம் வசம் வைத்திருந்த உறவினர் ஒருவர், சரியாகப் பீட்சா வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, ‘போன் லைன்தான் அறுந்துபோச்சே, அப்புறம் எப்படிப் பீட்சா ஆர்டர் பண்றான்?’ என்று கேட்டு, அமெரிக்கத் திரையுலகையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டவரைப்போலச் சுற்றியிருந்தோரைப் பார்த்ததேயாகும். அவர் பெயரைக் குறிப்பிடுவது குடும்ப அமைதிக்கு உகந்ததன்று.

திரைப்படப் பிழைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது தொடர்ச்சிப் பிழை. அதாவது, ஒரே காட்சியின் துண்டுகள் வெவ்வேறு நேரங்களில் படமாக்கப்படுவதால், ஒரு துண்டில் நிறைந்திருந்த கோப்பை அடுத்த துண்டில் பாதியாகிவிடுவது. இதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் வேலையின்மையும் போதும். இரண்டாவது உலகியல் பிழை, அதாவது நடைமுறையில் நடக்க இயலாதது நடப்பது: கயிற்றில் கட்டிய பெயிண்ட் டப்பா முகத்தில் மோதியபின்னும், துணி போடும் குழாய் வழியே இஸ்திரிப் பெட்டி நெற்றியில் விழுந்தபின்னும், திருடர்கள் எழுந்து நடப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். நகைச்சுவைப் படத்தில் மண்டை உடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களோடு வாதிடுவதில் பயனில்லை. மூன்றாவது வகையே மிக முக்கியமானது. அது பின்னர் விளக்கப்படும்.

பிழை காண்போருக்கு நெருங்கிய உறவினர் துணுக்குச் செய்தி கூறுவோர். பனியாகக் கொட்டுவதில் ஒரு பகுதி உருளைக்கிழங்குச் சீவல் என்றும், வெள்ளம் சூழ்ந்த நிலவறை ஒரு பள்ளியின் நீச்சல் குளத்துக்குள் அமைக்கப்பட்டது என்றும், அண்ணன் பஸ்ஸின் காதலி என்று காட்டப்படும் புகைப்படத்தில் இருப்பது பெண்வேடமிட்ட ஒரு சிறுவனே என்றும், போல்கா இசைக்குழுத் தலைவராக வரும் ஜான் கேண்டி ஒரே நாளில் நடித்துமுடித்து 414 டாலர் மட்டுமே பெற்றார் என்றும் அவர்கள் கூறுவார்கள். செய்திகள் சுவையானவைதாம், கேண்டி பேசும்போதே கேண்டியைப் பற்றிப் பேசுவதுதான் பொறுக்க முடியாதது. ஸ்க்ரான்டன் விமான நிலையக் காட்சியில் தாயின் பின்னால் நிற்கும் தாடிக்காரர் 1977-இல் இறந்த எல்விஸ் பிரெஸ்லி என்று நம்புவோரும் உளர். அவர்களைப் பற்றி இங்கே எதுவும் கூறப்படமாட்டாது.

இனி மூன்றாவது வகைக்கு, அதாவது கதை தான் முன்பு சொன்னதற்கே முரண்படும் தருக்கப் பிழைக்கு வருவோம். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதே இந்தத் தொலைபேசி. இரவு வீசிய காற்றில் கிளை முறிந்து கம்பிகள்மேல் விழுகிறது. மின்சாரம் தடைப்பட்டதால் அலாரம் அடிக்காமல் குடும்பம் அயர்ந்து உறங்கிவிடுகிறது. காலையில் பழுதுபார்க்க வந்த ஊழியர், மின்சாரம் வந்துவிட்டது, தொலைபேசிக் கம்பிகள் சீராக ஓரிரு நாள் ஆகும் என்று தாயிடம் சொல்கிறார். ஆகவேதான் பாரிசிலிருந்து தாய் அழைக்கும்போது வீட்டுக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. அவர் வேண்டுகோளின்படி வரும் காவலரும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று நிலையத்துக்கு அறிவித்துவிட்டுப் போய்விடுகிறார். இதற்குப் பின் கெவின் தொலைபேசியில் பீட்சா வரவழைக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலோ, மர்ஃபி என்று பெயர் சொல்லி, எதிர்வீட்டு முகவரியைக் கொடுத்துக் காவல்துறையையே அழைக்கிறான்.

படத்தை நேசிப்போர் இதற்குச் சொல்லும் வழக்கமான சமாதானம், பழுதுற்றது தொலைதூர இணைப்பு மட்டுமே, உள்ளூர் இணைப்பகம், அதாவது ஊருக்குள் செய்யப்படும் அழைப்புகளை இணைத்துவிடும் நிலையம், ஒழுங்காகவே இயங்கியது என்பதாகும். கேட்க அழகாயிருப்பினும் இது நிற்காது. ஏனெனில், திருடர்கள் மர்ஃபி குடும்பத்தின் வீட்டைச் சூறையாடிக்கொண்டிருக்கும்போதே, பாரிசிலிருந்து கெவினின் தந்தை பீட்டர் அழைப்பதும், அக்குரல் அழைப்புப் பதிவுக் கருவியில் பதிவாவதும் காட்டப்படுகின்றன. அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அழைப்பு அத்தெரு வரை தடையின்றி வந்திருக்கிறது. மர்ஃபி வீட்டுக் கம்பி வேறு கம்பத்திலிருந்து வந்திருக்கலாம் என்பாருமுண்டு. அப்படியானால் அறுந்தது கெவின் வீட்டுக் கம்பி மட்டுமே என்றாகும். அறுந்த கம்பியில் பீட்சாவும் வராது, காவல்துறையும் வராது.

எனவே எஞ்சும் ஒரே முடிவு, பழுது இடையிலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதுதான். சொன்ன நாளுக்குள், அதுவும் பண்டிகைக் காலத்தில், ஒரு தொலைபேசி இணைப்புச் சீராகிவிட்டது என்பது பெயிண்ட் டப்பாவைக் காட்டிலும் நம்புதற்கு அரியது என்றாலும், தருக்கம் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவ்வாறாயின் ஏன் எவரும் மீண்டும் அழைக்கவில்லை? தாயைக் குறைகூற இயலாது. அவர் பாரிசிலிருந்து டாலஸ், டாலஸிலிருந்து ஸ்க்ரான்டன், அங்கிருந்து போல்கா குழுவின் வேன் என்று வழியெங்கும் அல்லற்பட்டுக்கொண்டிருக்கிறார். கைப்பேசிக்கும் அது காலமன்று. தந்தையின் நிலை வேறு. அவர் பாரிசில் தம்முடைய உடன்பிறந்தாரின் அடுக்ககத்தில், பிள்ளைகள் ஒரு பழைய கிறிஸ்துமஸ் படத்தைப் பிரெஞ்சுக் குரல்களில் பார்த்துக்கொண்டிருக்க, தொலைபேசிக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறார். மர்ஃபி வீட்டுக் கருவியில் ‘மீண்டும் அழைக்கிறேன்’ என்று பதிவு செய்யுமளவுக்கு அண்டை வீட்டு எண் அவருக்கு அத்துப்படி. சொந்த வீட்டு எண்ணை இன்னொரு முறை சுழற்றியிருந்தால், வாய் நிறையப் பீட்சாவோடு மகனே எடுத்திருப்பான்.

இத்தந்தையின் வரலாறும் ஆராயத்தக்கது. பயணத்துக்கு முந்தைய இரவு, உணவு மேசையில் கொட்டிய பாலை அவசரமாகத் துடைத்த காகிதங்களோடு கெவினின் பயணச்சீட்டையும் சேர்த்துக் குப்பையில் போடுபவர் அவரே என்பது, காட்சியைக் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்படும். அத்தனை பேரைப் பாரிசுக்கு அழைத்துச்செல்ல அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதும் படம் முடியும்வரை தெரிவதில்லை. சுருங்கக்கூறின், அவ்வீட்டில் பழுதுற்றிருந்தது தொலைபேசியன்று, பீட்டர்.

இவ்விளக்கம் மேற்குறித்த உறவினருக்கு எப்பகுதியும் விடுபடாமல் கூறப்பட்டது. கூறிமுடிப்பதற்குள் திருடர்கள் பிடிபட்டு, தாய் வீடு திரும்பி, படமே முடிந்துவிட்டிருந்தது. அவர் அதற்கு மறுமொழி எதுவும் சொல்லாமல், 1992-இல் வந்த இரண்டாம் படத்தைப் போட்டுவிட்டு, எட்டு ஒன்பது வயதுப் பையனுக்கு நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் எப்படி அறை கொடுப்பார்கள் என்று புதிதாகத் தொடங்கினார். கடன் அட்டையை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த அட்டை யாருடைய பையில், யார் அவனிடம் தூக்கிக் கொடுத்த பையில் இருந்தது என்பதை மட்டும் அவர் கவனிக்கவே இல்லை.