கன்னத்தைப் பதம் பார்க்கும் கேள்விகள்

மடக்குச் சவரக்கத்தி பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இவ்வளவு பேர் கன்னத்தைத் தடவிக்கொண்டு காத்திருப்பீர்கள் என்று தெரியாது. இந்த வாரம் முழுக்கக் கத்திதான்.

தாத்தாவின் சவரக்கத்தி பரணில் கிடைத்தது. துடைத்துவிட்டு அப்படியே ஷேவ் பண்ணலாமா?
*— ஒரு பேரன், கும்பகோணம்*

தாத்தா மேல் மரியாதை வேறு, தாடை மேல் அக்கறை வேறு. கத்தியை விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதுகுப் பக்கம் மேலோட்டமான துரு என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். கூர்ப்பக்கத்தைத் துரு தின்று குழி விழுந்திருந்தாலோ, மயிரிழை அளவுக்கு விரிசல் தெரிந்தாலோ, கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடுங்கள். பிடி பழைய செல்லுலாய்டாக இருந்தால் இன்னொரு வில்லங்கம் உண்டு. அது சிதையும்போது கசியும் ஆவியே எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் பிடிக்குள் ஒளிந்திருக்கும் பகுதியையும் விடாமல் பாருங்கள்.

பிடியை ஒட்டிய தண்டில் எழுத்து பொறித்திருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், பிரான்சின் தியேர் இவற்றில் ஏதாவது ஓர் ஊர்ப்பெயர் இருந்தால் தாத்தா ரசனைக்காரர். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கு முன் செய்ததாக இருக்க வழியில்லை.

எந்த ஊர்க் கத்தியானாலும், சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிய பிறகே முகத்துப் பக்கம் போக வேண்டும். தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் நீட்டிவிடாதீர்கள். அரிவாள்மனைக்கு அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அந்தப் பொறி பறக்கிற சூட்டில் இவ்வளவு மெல்லிய எஃகின் பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சலூனில் அண்ணன் பாதி பிளேடை ஒடித்து மாட்டுகிறாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?
*— ஒரு வாடிக்கையாளர், திருப்பூர்*

உருவத்தில் மட்டும். சலூன் கத்தி வெறும் பிடி. கூர் முழுக்க பிளேடுடையது. ஒருவருக்கு ஒரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பை. ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை ரத்தம் வழியாகப் பரவுகிறவை என்பதால் அதுதான் சரியான முறை. “புது பிளேடு போடுங்கண்ணே” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அசல் கத்தியில் கூர் கத்திக்கே சொந்தம். அதை யாரோடும் பங்குபோடக் கூடாது, கூடப் பிறந்த தம்பியோடுகூட.

‘முதலில் பிளேடு கத்தியில் பழகு, அப்புறம் அசலுக்குப் போ’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பிளேடு கத்தி எடை குறைந்தது, பிளேடின் மூலைகள் பொல்லாதவை, கோணம் கொஞ்சம் தப்பினாலும் கோடு போட்டுவிடும். நன்றாகத் தீட்டிய அசல் கத்தி கனத்தோடு இறங்கும், தோலுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் அதற்குத் தினமும் உபசாரம் செய்ய வேண்டும். உபசாரம் பிடிக்காதவர் பிளேடு கத்தியோடு நின்றுகொள்ளலாம். ஒரு குறைச்சலும் இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்? பட்டியல் போடுங்கள். சம்பளம் வந்துவிட்டது.
*— ஒரு வங்கி ஊழியர், சேலம்*

சம்பளத்தை அப்படியே வைத்திருங்கள், பேசுவோம்.

முதலில் கத்தி. இதன் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். உங்களுக்கு 5/8 அல்லது 6/8 போதும். அதைவிட அகலமானது மூக்கடியில் திரும்ப இடம் கேட்கும். குறுகியதில் நுரை சீக்கிரம் நிரம்பி வழியும். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை காதோரம் நேர்கோடு எடுக்க வசதி, கை பழகாதவருக்குக் காதையும் சேர்த்து எடுக்க வசதி. புதிதாக இறக்குமதியாகும் நல்ல ஜெர்மன் கத்தி பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைப்பது அரிது. ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்குத் தங்கப்பிடி, சிங்க முகம் எல்லாம் போட்டு விற்பது சவரக்கத்தி இல்லை, சவரக்கத்தியின் உருவத்தில் ஒரு பொருள். அந்தச் சிங்கம் கடிதம் பிரிக்கும், கன்னத்துக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவே பழைய சோலிங்கன், ஷெஃபீல்ட் கத்திகளைப் புதுப்பித்து, தீட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டு அவர்களுக்கே. ஒரே கேள்வி கேளுங்கள்: “நீங்கள் இதில் ஷேவ் பண்ணிப் பார்த்தீர்களா?” “ஃபேக்டரி ஷார்ப் சார்” என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள். புதுக் கத்தியே சில சமயம் தீட்டாமல்தான் பெட்டியிலிருந்து வருகிறது.

அடுத்தது தோல்வார். கத்திக்கு நிகராக முக்கியம். பிறகு பிரஷ், ஷேவிங் சோப். டப்பாவை அழுத்தினால் பொங்கும் நுரை இதற்கு ஒத்துவராது. பார்க்க மலை போலிருக்கும், கத்தி வழுக்க ஈரம் இருக்காது. கடைசியாகப் படிகாரம். வெளிநாட்டில் அதைச் செங்கல் மாதிரி அறுத்து, மெருகேற்றி, பிரெஞ்சுப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். நீங்கள் நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்கு ஒரு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எரிவது ஒரே எரிச்சல்தான்.

தீட்டுக்கல் இப்போது வேண்டாம். மீதிச் சம்பளத்தை வீட்டில் கொடுங்கள்.

தோல்வார் எதற்கு? சினிமாவில் வில்லன் சர் சர்ரென்று இழுப்பது பயமுறுத்தத்தானே?
*— ஒரு ரசிகர், மதுரை*

வில்லன் இழுக்கிற வேகத்துக்கு முதலில் வார்தான் அறுபடும். அந்த வேகம் கேமராவுக்காக.

சவரக்கத்தியின் கூர் மிக மிக மெல்லியது. ஒரு தடவை தாடியை எடுத்தாலே அது கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே வளையும். வாரில் இழுத்தால் நிமிர்ந்து ஒழுங்காகும். அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்யாமல் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் கூரின் மேல் வளைந்து அதை உருட்டிவிடும். கத்தியைப் படுக்கையாக வையுங்கள்: முதுகும் கூரும் இரண்டும் தோலைத் தொட வேண்டும். இப்போது முதுகு முன்னே போக, கூர் பின்னே வர, இழுங்கள். கோடிக்குப் போனதும் கத்தியைத் தூக்காமல் முதுகை அச்சாக வைத்துப் புரட்டி, மறுபடி முதுகு முன்னே போகத் திரும்பி வாருங்கள். கூரை அச்சாக வைத்துப் புரட்டினால் வாரில் வாய் பிளந்த ஒரு வெட்டு விழும். பழகுகிற எல்லோருடைய வாரிலும் அந்த வெட்டு இருக்கும், அதனால் முதல் வார் மலிவானதாகவே இருக்கட்டும்.

துணிப்பட்டை இருந்தால் அதில் இருபது முப்பது தடவை, பிறகு தோலில் ஐம்பது அறுபது. ஷேவுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும். மெதுவாக.

தீட்டுக்கல்லில் 1000, 8000, 12000 என்று எண் போட்டிருக்கிறதே, அது விலையா?
*— ஒரு மாணவர், திருநெல்வேலி*

சில கற்களுக்கு விலையும் அதுவே என்பது வேறு கதை. அது துகளின் நுண்மை. எண் ஏற ஏறத் துகள் பொடியாகும். 1000 அடிப்படைச் சரிவை உண்டாக்க, 4000-மும் 8000-மும் கூராக்க, 12000 மெருகேற்ற. இயற்கைக் கற்களும் உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிற ‘கோட்டிக்கூல்’ கல் பெயர் பெற்றது. அதற்குள் பொதிந்த நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகைத் தேய்க்கின்றன.

கல்லில் முறை அப்படியே தலைகீழ்: கூர் முன்னே, முதுகு பின்னே. கோணம் எத்தனை டிகிரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிந்தால் சரியான கோணம் தானே அமையும்படி முதுகைத் தடிப்பாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கத்தியில் பிடித்ததே அந்த மூளைதான். வாரை ஒழுங்காகப் பிடிக்கிறவருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கல் தேவைப்படும்.

ஓக்கம் என்பவருடைய சவரக்கத்தி பிரபலமாமே? எந்த கம்பெனி?
*— தத்துவம் படிக்கும் ஒருவர், சென்னை*

அவர் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி. தேவைக்கு மேல் அனுமானங்களைப் பெருக்காதே என்ற கொள்கைக்கு அவர் பெயர். அவரை அந்த சேலம் நண்பரிடம் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

முதல் நாள் எப்படிப் பிடிப்பது? கை நடுங்குகிறது.
*— ஒரு துணிச்சல்காரர், தஞ்சாவூர்*

நடுங்கினால் கீழே வையுங்கள். நாளைக்கும் தாடி இருக்கும்.

குளித்து முடித்ததும் ஆரம்பியுங்கள். அப்போது முடி ஊறி இளகியிருக்கும். சோப்பை நன்றாகக் குழைத்துப் பூசுங்கள். மூன்று விரல் தண்டின் மேலே, கட்டைவிரல் கீழே, சுண்டுவிரல் வால் மேலே. மற்றக் கையால் கன்னத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பாதி வித்தை இந்த இழுப்பில்தான் இருக்கிறது. கத்தி தோலுக்கு முப்பது டிகிரி சாய்ந்திருக்கட்டும். நிமிர்ந்தால் சுரண்டும், முழுக்கப் படுத்தால் முடியைப் பிடுங்கும். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே சின்னச் சின்னதாக இறக்குங்கள். அழுத்த வேண்டாம், கத்தியின் எடையே போதும். பக்கவாட்டில் மட்டும் நகர்த்தாதீர்கள். மேலிருந்து கீழே வந்தால் முடி வெட்டுப்படும். இடமிருந்து வலம் போனால் நீங்கள் வெட்டுப்படுவீர்கள்.

முதல் வாரம் இரண்டு கன்னமும் மட்டும். தாடை, மேலுதடு, கழுத்தை உங்கள் வழக்கமான ரேசருக்கே விட்டுவிடுங்கள். கத்தி இழுத்துப் பிடுங்கினால் அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், வாருக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவு நல்ல கத்தியை ஒழித்துக்கட்டியது யார்?
*— ஒரு வருத்தக்காரர், புதுச்சேரி*

கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர். கிங் பட்டமில்லை, அப்பா அம்மா வைத்த பெயர். தூக்கி எறியும் மெல்லிய பிளேடு அவருடைய யோசனை. 1903-இல் அவர் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. கடையை மூடியிருக்க வேண்டிய கணக்கு. அடுத்த ஆண்டே விற்பனை எகிறியது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கெல்லாம் பாதுகாப்பு ரேசர் கொடுத்தார்கள். ஊர் திரும்பியவர்கள் மறுபடி தோல்வாரைத் தேடவில்லை.

நம் ஊர் எஃகுக்கும் இதற்கும் ஏதாவது உறவு உண்டா? வழக்கம்போல ‘எல்லாம் நம்மிடமிருந்துதான்’ என்று சொல்லிவிடாதீர்கள்.
*— ஒரு சந்தேகி, ஈரோடு*

சொல்லவில்லை. ஆனால் உறவு உண்டு, அதுவும் ஆதாரத்தோடு. மின்சாரத்துக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடே, 1819-இல் இந்திய ‘வூட்ஸ்’ எஃகைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வியாபாரியோடு சேர்ந்து, எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று கலந்து பார்த்தார். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி நல்ல பலன் தந்தது. நண்பர்களுக்கு அவர் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தன் கலப்பு எஃகில் செய்த சவரக்கத்தி. அதற்குப் பிறகு ஷெஃபீல்ட்காரர்கள் ‘சில்வர் ஸ்டீல்’ என்று கத்தியில் பொறித்து விற்றார்கள். வெள்ளி எல்லாவற்றிலும் இருந்ததா என்று கேட்காதீர்கள். பழங்கால இரும்பு, எஃகு உலைகளின் தடயம் கிடைத்த கொடுமணல் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

கணவர் கத்தியோடு பாத்ரூமுக்குள் போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது. கதவைத் தட்டலாமா?
*— ஓர் இல்லத்தரசி, கோயம்புத்தூர்*

தட்டவே தட்டாதீர்கள் அம்மா. திடீர்ச் சத்தம் ஆகாது. ஆனால் வெளியே வந்ததும் இதைச் சொல்லுங்கள்: கத்தியை ஈரமில்லாமல் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பாத்ரூமுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இந்த எஃகு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் இல்லை. ஈரத்தில் விட்டால் ஒரே ராத்திரியில் புள்ளி விழும். ‘பிளேடு செலவு மிச்சம்’ என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த மாதம் இரண்டாவது கத்தி வரும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாமா?
*— ஒரு பயணி, திருச்சி*

கூடாது. பெரிய பெட்டிக்குள் வைத்து, கவுன்ட்டரில் ஒப்படைக்கும் சாமானோடு அனுப்புங்கள்.

நாளைக் காலையில் பெண் பார்க்கப் போகிறேன். சவரக்கத்தியில் கன்னி முயற்சி செய்துபார்க்கலாமா?
*— ஒரு மாப்பிள்ளை, விருதுநகர்*

வேண்டாம். காலையில் சலூனுக்குப் போய்விடுங்கள். நாளை செவ்வாய்க்கிழமை என்றால் கடை இருக்காது, இன்றைக்கே போங்கள்.