வாசலில் அடையாறு

கேள்வி: முடிச்சூரில் தனி வீடு வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் மழைக்கே ஹாலில் கணுக்கால் தண்ணீர். விற்றுத் தொலைத்துவிடலாமா?

பதில்: 2015 சென்னை வெள்ளத்தில் அடையாறு அந்தப் பக்கம் வந்துபோனது ஊருக்கே தெரியும், உங்கள் புரோக்கருக்கு மட்டும் தெரியாது போலும்! அவசரப்படாதீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் பத்திர ஆபீஸில் கரைந்தாயிற்று, அது திரும்பாது. 24 மாதத்துக்குள் விற்றால், லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். (லாபம் வந்தால்தானே என்கிறீர்களா? அதுவும் சரி.) கொசு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பழகிவிடும், தண்ணீர் பழகாது. இன்னொரு ஐப்பசி, கார்த்திகை பாருங்கள். மறுபடியும் உள்ளே வந்தால் அந்த 24 மாதம் தாண்டியதும் விற்றுவிடுங்கள். வாங்க வருகிறவரிடம் மட்டும் மழைக் கதையை மறைக்காதீர்கள்.