கரண்ட் போனால் கத்துகிற பெட்டி

கீபோர்டில் பவர் பட்டனைக் கொண்டுபோய் டெலீட் பட்டனுக்குக் கீழே வைத்த புண்ணியவானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஓர் எழுத்தை அழிக்கப் போன விரல் கொஞ்சம் சறுக்கினால் கம்ப்யூட்டரே அணைந்துபோகிற ஏற்பாட்டை எந்த மகராசன் யோசித்தான், அவனை என்ன செய்யலாம் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் யுபிஎஸ் விவகாரம் ஒன்று. போன வாரம் நடந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. அதை இறக்கி வைக்காமல் வேறெதுவும் எழுத வராது.

ஐப்பசியில் மூணாறுப் பக்கம் பிற்பகல் எப்படிப் போகும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையில் பளிச்சென்று வெயில். மத்தியானம் தாண்டியதும் மேகம் இறங்கும், பின்னாலேயே இடி. முதல் இடிக்கே வீட்டுக்கு வீடு ஆள் ஓடி டிவி ஒயர், மோடம் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்காதவர்கள் மறுநாள் கருகிய மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நிற்பார்கள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு மனு அடித்துக்கொண்டிருந்தேன். பட்டயம் கேட்டு தேவிகுளம் தாசில்தாருக்கு. அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "சர்வே நம்பரைச் சரியாப் பார்த்துப் போடுப்பா, போன தடவை அதுலதான் திருப்பி அனுப்பிட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டேன். வானம் பளீரென்றது. கரண்ட் போனது. மேஜைக்கு அடியிலிருந்து அது ஆரம்பித்தது: பீப்.

யுபிஎஸ் எதற்குக் கத்துகிறது? கரண்ட் போய்விட்டதாம். அதை எனக்குத் தெரிவிக்கிறதாம். விளக்கு அணைந்துவிட்டது, ஃபேன் நின்றுவிட்டது, அடுப்படியில் மிக்ஸி ஓய்ந்துவிட்டது, எதிர் வரிசை வீடுகள் எல்லாம் இருண்டுவிட்டன, தெருவில் பிள்ளைகள் "ஓ" என்று கூச்சல் போட்டாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு நான் ஒருவன் மட்டும் விவரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன் என்று யாரோ ஓர் இன்ஜினீயர் கவலைப்பட்டிருக்கிறான். துக்க வீட்டுக்கு வந்து, இறந்துபோனவரின் சம்சாரத்திடமே "அண்ணன் போயிட்டாராம், தெரியுமா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சேதி சொல்கிற சொந்தக்காரர் மாதிரி.

அதுவும் யாரிடம் சொல்கிறது! 1940இலேயே பள்ளிவாசலில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுத்த மண் இது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் மூணாற்றுக்கு அடுத்த வீடு. இதே ஜில்லாவில் 780 மெகாவாட் திறனோடு மூலமற்றம் நிலையம் மலைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் பிறக்கிற ஊர்க்காரனுக்கு, கரண்ட் போன செய்தியை அரையடிப் பெட்டி சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, சொன்னது சொன்னாய், ஒரு தடவையோடு நிறுத்து. நிறுத்தாது. சில விநாடிக்கு ஒரு பீப். எந்த பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமோ, அதே பேட்டரியிலிருந்துதான் கத்துவதற்கும் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி இறங்க இறங்க பீப் வேகமெடுக்கும். நமக்கு மிச்சமிருப்பது ரெண்டு நிமிஷம். ஒரு வரியைப் படித்துப் பார்த்து சேவ் பண்ணலாம் என்று மவுஸைப் பிடித்தால் காதுக்குள் பீப்பீப்பீப் என்கிறது. பதற்றம் உண்டாக்குவதற்கென்றே கண்டுபிடித்த சாமான் என்றால் நம்பலாம்.

பெரிய ஆபீஸ்களில் ஆளில்லாத அறையில் சர்வரோடு யுபிஎஸ்ஸை வைப்பார்கள். அங்கே அலாரம் வேண்டும், எங்கோ டீ குடித்துக்கொண்டிருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டும். நியாயம். என் யுபிஎஸ் என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நான் எங்கேயும் டீ குடிக்கப் போகவில்லை. போயிருந்தாலும் கரண்ட் போனதை டீக்கடைக்காரர் சொல்லியிருப்பார்.

இன்னொன்று. இடி வருகிறதே என்று நாமே ப்ளக்கைப் பிடுங்கினாலும் கத்தும். பிடுங்கியவனிடமே புகார். அதற்குப் பயந்து யுபிஎஸ்ஸை முழுசாக அணைத்துவிட்டால், கரண்ட் போனால் உதவ வேண்டிய பொருளை இடி நேரத்தில் அணைத்து வைக்கிறோம் என்று ஆகிறது. பிறகு காசு கொடுத்து வாங்கியது எதற்கு?

வாயை மூட வழி உண்டு என்று கையேட்டில் போட்டிருக்கிறது. முன்பக்கம் இருக்கிற ஒரே பட்டனை லேசாக அழுத்தினால் பீப் நிற்கும். அதே பட்டனைக் கொஞ்சம் கூட அழுத்தினால் யுபிஎஸ்ஸே நிற்கும். லேசுக்கும் கொஞ்சத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவுதான் இடைவெளி. இதை இருட்டில், மேஜைக்கு அடியில் தலையை விட்டு, மேலே அத்தை "என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு" என்று கேட்க, உள்ளேயிருந்து வீட்டுக்காரி "ஏங்க, அதை முதல்ல நிறுத்துங்களேன், பிள்ளை முழிச்சுக்கிடும்" என்று சொல்ல, விரல் நுனியால் நிதானித்துச் செய்ய வேண்டும். பீப் நின்றது. மனுவும் நின்றது. சர்வே நம்பர் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தான். யுபிஎஸ்ஸைத் திறந்ததும் முதலில் தெரிவது பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர், ஈயம் நிறைந்த கறுப்புச் செங்கல். போர்டில் ஓர் ஓரமாக, சட்டை பொத்தான் அளவுக்குக் கறுப்பாக வட்டமாக நடுவில் ஓட்டையோடு இருந்தது பஸ்ஸர். இவ்வளவு நாளாக என் உயிரை எடுத்தது அதுதான். "அண்ணாச்சி, சால்டரை வச்சு எடுத்திரவா? எல்லா வீட்லயும் அதைத்தான் கேக்காக" என்றான். எல்லா வீட்டிலும்! ஊரே பிடுங்கி எறிகிற உறுப்பைக் கம்பெனிகள் இன்னும் சிரத்தையாக வைத்து அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இன்வர்ட்டர் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: போட்டாச்சு. மலிவு இன்வர்ட்டர் தருகிற கரண்ட் யுபிஎஸ்ஸுக்குப் பிடிக்காது. இது கரண்ட்டா, இல்லையா என்று அதற்குத் தீராத சந்தேகம். டக் என்று பேட்டரிக்குத் தாவும், டக் என்று திரும்பும், நடுவில் பீப். வீட்டில் லைட் எரியும், ஃபேன் ஓடும், யுபிஎஸ் மட்டும் கரண்ட் போய்விட்டதென்று சாதிக்கும்.

கம்ப்யூட்டர் ஜாதிக்கே தெரிந்தது அந்த ஒரு சொல்தான் போலிருக்கிறது. இங்கே மழைக்காலத்து ஈரத்தில் ராம் அட்டையின் காலில் பாசி படிந்த மாதிரி மங்கல் ஏறும். கம்ப்யூட்டர் திரை காட்டாது, பீப் என்னும். எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதில் அர்த்தம் உண்டாம். அந்த அர்த்தமும் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, எல்லாம் நலம் என்பதற்கே ஒரு சின்ன பீப் போடும். நலத்துக்கும் பீப், நாசத்துக்கும் பீப். ராமுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பென்சில் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பல்லைத் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகுவது. அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

மச்சான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். அவருக்கு ஈரத் தொல்லை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்து கேபினெட் ஃபேனில் கம்பளி நெய்துவிட்டுப் போகும்; வெயில் காலத்தில் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாகவே அணையும். மலைக்கும் ஆகாது, சமவெளிக்கும் ஆகாது. ஏசி போட்ட ஓர் அறையில், சுவரை ஒட்டாத ஒரு மேஜையில், பின்பக்கம் போய் நின்று ஒயர் சொருகும் வசதியோடு வாழ்கிற யாரோ ஒருவருக்காக இதைச் செய்திருக்கிறார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் நல்லது.

யுஎஸ்பி சொருகு எந்தப் பக்கம் வைத்தாலும் தப்பாகவே இருப்பதைப் பற்றிக் கோபப்படுவதை விட்டுவிட்டேன். 1996இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான அஜய் பட் நம்ம நாட்டுக்காரர். ரெண்டு பக்கமும் சொருகும்படி செய்தால் செலவு ரெட்டிப்பாகும் என்பதால் அப்படி விட்டதாகச் சொன்னார். மனுஷன் காரணமாவது சொன்னார். கேபினெட் நெற்றியில் ராத்திரி முழுக்க எரிகிற நீல விளக்குக்கு யாரும் காரணம் சொன்னதில்லை. நீல எல்இடி கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தப்பில்லை, பெரிய காரியம். அதை என் படுக்கையைப் பார்த்துத் திருப்பி வைத்தவனுக்கு என்ன கொடுப்பது? வீட்டுக்காரியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். கேபினெட் இப்போது சுமங்கலியாக இருக்கிறது.

கீபோர்டு பட்டன் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பக்கம் முடியப் போகிறது, அவன் தப்பித்தான்.

யுபிஎஸ் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை விஏ, எத்தனை வருஷ வாரண்டி என்பதெல்லாம் அப்புறம். கடையிலேயே அதை ஓடவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷம் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். கடைக்காரரே பொறுக்க முடியாமல் எழுந்து வந்து ப்ளக்கைச் சொருகினால் அந்த மாடல் வேண்டாம்.